ஓம்னி டோனர், ரெண்டரை லட்சம் பட்ஜெட்: சேஸி வெட்டும் முன்னாடி என்ன பாக்கணும்?

தக்கலை_ஸ்பானர்

எல்லாருக்கும் வணக்கம். லோட்டஸ் செவன் (கூரை இல்லாத பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஜாடையில ரெண்டு சீட்டு வண்டி கட்டுற திட்டம். டோனர், அதாவது பாகங்கள் கழட்டி எடுக்குற வண்டி, பழைய கார்புரேட்டர் மாருதி ஓம்னி: 796 சிசி எஃப்8பி இன்ஜின், நாலு கியர், பின்னால லீஃப் ஸ்பிரிங் போட்ட லைவ் ஆக்சில் (ரெண்டு பின் சக்கரத்தையும் ஓட்டுற ஒரே அச்சு). ஃப்ரேம் 25 மி.மீ. சதுரக் குழாய், பாடி ஃபைபர். ஓம்னி விலை போக 2.5 லட்சம் வரை செலவழிக்கலாம். ஆட்டோகிராஸ்ல (மண் மைதானத்துல நேரம் பாத்து ஓட்டுற போட்டி) ஓட்டணும், முடிஞ்சா கோவை கரி ட்ராக்லயும்.

குழாய் 1.6 மி.மீ. கனம் போதுமா, 2 வேணுமா? ஓம்னி முன் நக்கிளை (சக்கரத்தைத் தாங்குற துண்டு) டபுள் விஷ்போனுக்கு (மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு முக்கோணக் கை) மாத்த முடியுமா? பாடி வேலையை வள்ளம் கட்டுறவங்ககிட்ட குடுக்கலாமா? ஆர்சி வாங்கி ரோட்டுலயும் ஓட்ட வழி உண்டா?

ஆரல்காத்து

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில்: கிடையாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 படி கம்பெனி குடுத்த விவரத்துல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாச் சொல்லிட்டு. புதுசா கட்டுன வண்டின்னு காட்டணும்னா டைப் அப்ரூவல் (மாடலைச் சோதிச்சுக் குடுக்குற அங்கீகாரம்) வேணும். அது கம்பெனிக்காரன் போற வழி, ஷெட்டுக்காரன் போற வழி இல்ல. ஆக இது லாரில ஏத்திக் கொண்டு போற ட்ராக் வண்டி மட்டும்தான்.

ஓம்னியை வெட்டுறதுக்கு முன்னாடி பிரிவு 55 படி ஆர்சியை ரத்து செய்ய எழுதிக் குடுத்துருங்க. உடைச்ச வண்டியோட ஆர்சி உயிரோட கிடந்தா அந்த நம்பர் நாளைக்கு எந்தத் திருட்டு வண்டியில போய் ஒட்டும்னு சொல்ல முடியாது. ‘சும்மா ஒரு டெஸ்ட்’னு விடியக்காலம் நாலுவழிச் சாலைல இறக்குற யோசனை இருந்தா அதையும் விட்டுருங்க. பொது ரோட்டுல ரேஸ், வேகச் சோதனை ரெண்டுக்கும் பிரிவு 189 இருக்கு. சுவரும் பூட்டும் உள்ள மைதானத்தை எழுத்து மூலமா அனுமதி வாங்கி எடுங்க.

குழாய் வாங்கப் போறதுக்கு முன்னாடி இன்னொரு வேலை. எந்தப் போட்டியில ஓட்டப் போறீங்களோ அதோட சப்ளிமெண்டரி ரெகுலேஷனை (அந்தப் போட்டிக்குன்னு உள்ள விதிகள்) வாங்கி கிளாஸ் பட்டியலைப் படிங்க. எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் பந்தய சம்மேளனம்) அனுமதி உள்ள போட்டின்னா லைசென்ஸும் வேணும், வண்டி ஏதாவது ஒரு கிளாஸுக்குள்ள அடங்கவும் வேணும். கையால கட்டுன வண்டிக்கு ஓப்பன் கிளாஸ் இருக்கும்னு நினைச்சுக் கட்டி, ஸ்க்ரூட்டினில (போட்டிக்கு முன்னாடி நடக்குற வண்டிப் பரிசோதனை) திருப்பி அனுப்பினா நாகர்கோவில்ல இருந்து கோயம்புத்தூர் போய்வந்த லாரி வாடகைதான் மிச்சம். கிளாஸ் இருக்கான்னு ஒருங்கிணைப்பாளருக்கு மெயில் போட்டு, பதிலை எழுத்தா வாங்கி வச்சிட்டு வாங்க. மத்ததைப் பிறகு பேசலாம்.

எட்டுநூறு_போதும்

அண்ணன் சொன்னதுக்கு மேல ஒரு படி. செவனே வேண்டாம். பழைய மாருதி 800 எடுங்க, உள்ள உள்ள எல்லாத்தையும் கழட்டுங்க, ரோல் கேஜ், சீட், பெல்ட், நல்ல பிரேக் பேட், டயர். ரெண்டு மாசத்துல வண்டி ஓடும், கிளாஸும் சுலபமா கிடைக்கும். உரிச்ச 800 கிட்டத்தட்ட 600 கிலோ, கார்ப் இன்ஜின் 37 குதிரை. டன்னுக்கு 62. செவன் கட்டி 500 கிலோவுல நிறுத்துனா டன்னுக்கு 74. இந்தப் பன்னிரண்டு குதிரைக்கு ஒன்றரை வருஷ வெல்டிங்கா?

ஆரல்காத்து

கணக்கு சரிதான், ஆனா குதிரையை மட்டும் எண்ணக் கூடாது. நூறு கிலோ குறைஞ்சா பிரேக்குக்கும் டயருக்கும் உள்ள சுமையும் குறையும், புவியீர்ப்பு மையம் ஒரு ஜாண் கீழ இறங்கும். பின் சக்கரத் தள்ளலும் கிடைக்கும். 796 சிசி சின்ன இன்ஜின்னு யாரும் நினைக்க வேண்டாம்; கோவை ரேஸ் டிரைவர் கரிவரதன் 80-களின் கடைசியில மாருதி 800 இன்ஜினைப் போட்டுத்தான் ஃபார்முலா மாருதி ஒற்றைச் சீட்டு வண்டிகளைக் கட்டினார். நீங்க சொன்ன கரி ட்ராக், அதான் கோவை செட்டிபாளையம் ட்ராக், அதுக்கு இன்னைக்கு அவர் பேருதான்.

ஆனா முதல் வண்டி, போட்டி அனுபவம் இல்லைன்னா நானும் 800-க்குத்தான் கை தூக்குவேன். கட்டுறதுல ஆசை இருந்தா செவன், ஓட்டுறதுல ஆசை இருந்தா 800. ரெண்டையும் குழப்பிக்கிட்டா ஷெட்டுல துருப்பிடிச்ச பாதி ஃப்ரேம் மிஞ்சும்.

தக்கலை_ஸ்பானர்

கட்டுறதுலதான் ஆசை அண்ணே. செவனே. ஓப்பன் கிளாஸுக்கு மெயில் போட்டாச்சு.

கோட்டாறு_வெல்டு

அப்போ குழாய். 25×25×1.6 ஈஆர்டபிள்யூ (நீளவாக்குல வெல்டு போட்ட குழாய்) மீட்டருக்கு ஏறக்குறைய 1.15 கிலோ, 2 மி.மீ. கனம்னா 1.4. இந்த மாதிரி ஃப்ரேமுக்கு 50 மீட்டர் ஆகும்னு வச்சா வித்தியாசம் 12, 13 கிலோ. முக்கோணம் சரியா விழுந்தா 1.6 தாராளம். முக்கோணம் இல்லாத பெட்டிக்கு 2 மி.மீ. போட்டாலும் முறுக்கும். முக்கியமா இன்ஜின் பே மேல்பக்கமும் டிரான்ஸ்மிஷன் டனலும். இன்ஜினை இறக்குறதுக்கு வசதியா மேல் குறுக்குக் குழாயை விட்டுருவாங்க, அங்கதான் ஃப்ரேம் வாழைத்தண்டு மாதிரி நெளியும். அந்தக் குழாயைப் போல்ட் போட்டுக் கழட்டுற மாதிரி வையுங்க. சஸ்பென்ஷன் பிராக்கெட் எல்லாம் 3 மி.மீ. தகடு, ஹார்னஸ் (ரேஸ் சீட் பெல்ட்) மாட்டுற இடத்துல அதுக்கும் மேல.

ஜிஐ குழாய் (துத்தநாகம் பூசினது) மலிவா கிடைக்குன்னு வாங்காதீங்க. துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டு வரும், வெல்டுக்குள்ள ஓட்டையும் விழும். கறுப்புக் குழாய் வாங்கி, வெல்டு பண்ற நுனியில ரெண்டு இஞ்சுக்கு எண்ணெயும் செதிலும் போகத் தேய்க்கணும்.

18 மி.மீ. பிளைவுட்டை மேசை மேல சமமா அடிச்சு, அடித்தளத்தை முழு அளவுல கோடு போட்டு வரைஞ்சு, குழாய்க்கு ரெண்டு பக்கமும் மரக்கட்டை அடிங்க. முதல்ல முழு ஃப்ரேமையும் டாக் (சின்னச் சின்னப் பொட்டு வெல்டு) மட்டும். ரெண்டு மூலைவிட்டமும் 2 மி.மீ.க்குள்ள ஒத்து வந்த பிறகுதான் முழு வெல்டு. ஒரு மூட்டை முடிச்சதும் அடுத்தது எதிர் மூலை. பக்கத்துப் பக்கத்து மூட்டா போட்டுக்கிட்டே போனா சூடு இழுத்து ஃப்ரேம் கோணிரும். கோணின ஃப்ரேமை நிமித்த முடியாது, சொல்லிட்டேன்.

மிக் வெல்டுன்னா 0.8 மி.மீ. கம்பி, 1.6 சுவருக்கு 60 முதல் 80 ஆம்பியர். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் ஷெட்டுன்னா ஆனி ஆடி மாசம் திறந்த வெளியில மிக் வெல்டு வைக்காதீங்க. காத்து கேஸை அடிச்சுக்கிட்டுப் போயிரும். மேல பாக்க நல்ல வெல்டு மாதிரி இருக்கும், கிரைண்டர் வச்சா உள்ள ஸ்பாஞ்சு. நாலு பக்கமும் தகரம் மறைச்சாத்தான் ஆகும். ராடு வெல்டுதான் இருக்குன்னா 2 மி.மீ. 6013 ராடு, 3.15 ராடை இந்தக் கனத்துல வச்சா ஓட்டைதான். சந்தேகம் இருந்தா துண்டுக் குழாயில டி மூட்டு ஒண்ணு போட்டு, வைஸ்ல பிடிச்சு சுத்தியால அடிச்சு வளைங்க. குழாய் வளையணும், வெல்டு விடக் கூடாது.

இன்னொண்ணு. பவுடர் கோட்டிங் வேண்டாம். அழகா இருக்கும், உள்ள விரிசல் ஓடினா தெரியாது. துரு தடுக்க எபாக்சி பிரைமர், மேல வெளிர் சாம்பல் பெயிண்ட். நம்ம ஊரு உப்புக் காத்துல குழாய்க்குள்ள ஈரம் போகாம எல்லா நுனியும் அடைச்சிருக்கணும். ரிவெட்டுக்குப் போட்ட ஓட்டையில எல்லாம் சீலன்ட் வையுங்க. அலுமினியப் பேனலும் இரும்பும் நேரா தொடக் கூடாது, நடுவுல பாலியூரிதேன் சீலன்ட். இல்லைன்னா ஒரு மழைக்காலம் தாண்டுனதும் ரிவெட்டைச் சுத்தி வெள்ளைப் பொடி கொட்டும்.

ரேக்கும்_பினியனும்

முன் பக்கம்: ஓம்னி நக்கிள் நல்ல தேர்வுதான். பின் சக்கர வண்டி ஆனதால நடுவுல டிரைவ் ஷாஃப்ட் ஓட்டை கிடையாது. ஸ்ட்ரட்டைப் பிடிக்கிற இடத்துல 6 மி.மீ. தகட்டுல ஒரு பிராக்கெட் செஞ்சு, அதுல மேல் பால் ஜாயின்ட்டை உக்கார வச்சா டபுள் விஷ்போன் ஆயிரும். வண்டியிலேயே உயிரோட விளையாடுற துண்டு இந்தப் பிராக்கெட்தான். இதை மட்டும் நல்ல வெல்டர்கிட்ட குடுத்து டை பெனட்ரன்ட் (விரிசலுக்குள்ள இறங்குற சாயம்) போட்டு விரிசல் பாக்கணும். கீழ் விஷ்போன் மேலதைவிட நீளமா இருக்கணும். ரெண்டும் சம நீளம்னா வளைவுல பாடி சாயும்போது வெளிச் சக்கரமும் கூடவே வெளிய சாயும்.

ஸ்டீயரிங் ரேக்கை எங்க வைக்கிறதுன்னு முன்கூட்டியே முடிவு பண்ணுங்க. ஆக்சிலுக்குப் பின்னால இருக்கச் செஞ்ச ரேக்கை அப்படியே முன்னால கொண்டு போய், நக்கிள் கையையும் முன்னால திருப்பினா வலது திருப்பினா வண்டி இடது போகும். சிரிக்காதீங்க, பெயிண்ட் அடிச்ச பிறகு கண்டுபிடிக்கிற தப்பு இது. அடுத்தது பம்ப் ஸ்டீயர், அதாவது சக்கரம் ஏறி இறங்கும்போது தானாத் திரும்புறது. டை ராடோட உள் மூட்டு, விஷ்போன்களோட உள் மூட்டுகள் சேருற கோட்டுல விழணும். ஸ்பிரிங்கைக் கழட்டிட்டு, சக்கரத்தை 25 மி.மீ. வீதம் ஏத்தி இறக்கி டோ (மேல இருந்து பாத்தா சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பி நிக்குற அளவு) எவ்வளவு மாறுதுன்னு குறிச்சுப் பாருங்க. மாறினா ரேக்குக்கு அடியில ஷிம் போட்டு ஏத்தி இறக்கிச் சரி பண்ணணும்.

பின்னால: லீஃபை எடுத்துட்டு நாலு லிங்க், ஒரு பேனார்ட் ராடு (ஆக்சிலைப் பக்கவாட்டுல பிடிக்குற கம்பி), காயில்ஓவர் (ஷாக்கைச் சுத்தின ஸ்பிரிங்). பேனார்ட் ராடு எவ்வளவு நீளமா முடியுமோ அவ்வளவு நீளம், ஆள் உக்கார்ந்த உயரத்துல தரைக்குச் சமமா. குட்டையாப் போட்டா குழியில விழும்போதெல்லாம் ஆக்சில் பக்கவாட்டுல நகரும். ஆக்சில் ஹவுசிங்ல பிராக்கெட் வெல்டு பண்ணும்போது ஷாஃப்டும் எண்ணெயும் வெளிய. ஒரு இஞ்சு இங்க, ஒரு இஞ்சு அங்கன்னு ஆற விட்டு ஆற விட்டு. ஹவுசிங் ஒரு பக்கமா வளைஞ்சா பேரிங்கும் ஆயில் சீலும் ரெண்டாவது நாளே போயிரும்.

இன்ஜினை ஓம்னியில எந்தச் சாய்வுல இருந்துதோ அதே சாய்வுல உக்கார வையுங்க. போனட் உயரத்துக்காக நிமித்தினாலோ படுக்க வச்சாலோ ஆயில் பிக்கப் கணக்குத் தப்பிரும். தார் ட்ராக்ல ஓட்டுறதா இருந்தா சம்ப்புக்குள்ள (இன்ஜின் அடியில உள்ள எண்ணெய்த் தொட்டி) தடுப்புத் தகடு கட்டாயம். நீண்ட வளைவுல எண்ணெய் ஒரு ஓரமா ஒதுங்கி, பிக்கப் காத்தை உறிஞ்சினா பிக் எண்ட் பேரிங் உரிஞ்சிரும்.

தக்கலை_ஸ்பானர்

கொள்ளாம், இது போதும் ரெண்டு மாச வேலைக்கு. டிஃப் (டிஃபரன்ஷியல்) ரேஷியோ என்னன்னு ஆக்சில் மேல தெரியல. கண்டுபிடிக்க வழி? பிரேக்குக்கு பூஸ்டர் (கால் அழுத்தத்தைக் கூட்டிக் குடுக்குறது) வேணுமா?

ஆரல்காத்து

ஒரு பின் சக்கரம் தரையில அசையாம இருக்கட்டும், மத்ததை ஜாக்கில தூக்கி ரெண்டு முழுச் சுத்து சுத்துங்க. புரோபெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸ்ல இருந்து பின் ஆக்சிலுக்குப் போற தண்டு) எத்தனை சுத்து சுத்துதோ அதுதான் ரேஷியோ. தூக்கின சக்கரத்தை ஒரே சுத்து சுத்தி எண்ணிட்டு ‘எனக்குப் பாதிதான் வருதே’ன்னு கேக்குறவங்க நெறைய, டிஃப் ரெண்டு சக்கரத்தோட சராசரியைத்தான் பாக்கும், அதனாலதான் ரெண்டு சுத்து.

5-ன்னு வந்துச்சுன்னு வச்சுக்கோங்க. 155/65 ஆர்13 டயர் சுற்றளவு 1.67 மீட்டர். நாலாவது கியர் நேரடி. 6000 ஆர்பிஎம்னா சக்கரம் நிமிஷத்துக்கு 1200 சுத்து, 2004 மீட்டர், அதாவது மணிக்கு 120 கி.மீ. ஆட்டோகிராஸுக்கு அதே அதிகம். கரி ட்ராக் ஏறக்குறைய 2.1 கி.மீ. தான்; அங்கேயும் இது பெரிய குறை இல்ல. சென்னைப் பக்கம் உள்ள இருங்காட்டுக்கோட்டை ட்ராக் 3.7 கி.மீ., நீளமான நேர்ப்பாதை உண்டு, அங்க போனாத்தான் இன்ஜின் கத்திக்கிட்டு நிக்கும்.

டிஃப்பை வெல்டு பண்ணிப் பூட்டலாம்னு யாராவது சொல்லுவாங்க. மண்ணுல ஓகே. தார்ல முன்பக்கம் நேரா தள்ளிக்கிட்டே போகும், ஆக்சில் ஷாஃப்டும் முறியும்.

பிரேக்_முதல்

500 கிலோ வண்டிக்குப் பூஸ்டர் வேண்டாம், ஆனா ஓம்னி பெடலை அப்படியே போட்டு பூஸ்டரை மட்டும் கழட்டினா கால் வலிக்கும், வண்டி நிக்காது. பெடல் ரேஷியோ 5:1 முதல் 6:1 வரை வரணும். பெடல் மாட்டுற தகடு வளையுதான்னு ஒருத்தர் அமுக்கும்போது இன்னொருத்தர் கை வச்சுப் பாருங்க. பாதிப் பேருக்கு ‘ஸ்பாஞ்சு பெடல்’ வர்றது காத்தால இல்ல, இந்தத் தகட்டால.

லைன் 4.75 மி.மீ. ஸ்டீல் குழாய், டபுள் ஃப்ளேர். ஏசி கடைல கிடைக்குற செம்புக் குழாய் கூடவே கூடாது. அதிர்வுல இறுகி இறுகி ஒரு நாள் விரியும். டனலுக்குள்ள புரோபெல்லர் ஷாஃப்ட் பக்கத்துல லைனை ஓட்டாதீங்க.

எண்ணெய் டாட் 4. புதுசுன்னா குறைஞ்சது 230 டிகிரில கொதிக்கும், ஈரம் குடிச்ச பிறகு 155. நம்ம கடற்கரை ஈரத்துக்கு மூடி திறந்த டப்பாவை அடுத்த மாசத்துக்கு வைக்கக் கூடாது, சின்ன டப்பாவா வாங்குங்க. ஒவ்வொரு சீசனுக்கும் முழுசா மாத்துங்க.

வண்டி எடை குறைஞ்சு, பின்பக்கப் பங்கு மாறினதால பழைய பிரேக் பகிர்வு ஒத்து வராது. ஈர மண்ணுல 40 கி.மீ. வேகத்துல அமுக்கிப் பாருங்க. பின் சக்கரம் முதல்ல பூட்டினா வண்டி சுத்தும். முன் சக்கரம் ஒரு நூல் முன்னாடி பூட்டணும். பின் டிரம்முக்குப் போற லைன்ல பிரஷர் லிமிட்டிங் வால்வு வச்சா சரியாகும். முன் லைன்ல ஒருபோதும் வைக்காதீங்க.

முட்டம்_ஃபைபர்

வள்ளம் கட்டுறவங்ககிட்ட குடுக்கலாம். குளச்சல்ல இருந்து சின்னமுட்டம் வரைக்கும் ஃபைபர் கை தெரிஞ்ச ஆள் உண்டு. ஆனா கண்டிப்பா எழுதிக் குடுக்க வேண்டியது லேயர் எண்ணிக்கை. வள்ளம் அலை அடிச்சாத் தாங்கணும்னு அவங்க கை தானாவே அஞ்சு ஆறு லேயர் போடும். கார் மூக்குக்கும் மட்கார்டுக்கும் 450 கிராம் சாப்டு மேட் (வெட்டின கண்ணாடி நார்ப் பாய்) ரெண்டு லேயர், ஓரத்துலயும் போல்ட் வர்ற இடத்துலயும் மூணாவது. ரெண்டு லேயர் கிட்டத்தட்ட 2 மி.மீ. கனம் வரும். சதுர மீட்டருக்கு மேட் 0.9 கிலோ, ரெசின் 2 கிலோ, மொத்தம் 3 கிலோ. சும்மா விட்டா இதே பகுதி 8 கிலோவுக்கு வந்து நிக்கும். கஷ்டப்பட்டுக் குழாயில மிச்சம் பிடிச்ச 12 கிலோ மூக்குலயே போச்சு.

மாடல் செய்ய தெர்மாகோல் வாங்குறவங்களுக்கு: பாலியெஸ்டர் ரெசின்ல உள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைச்சிரும், கண்ணு முன்னாடி பள்ளமா இறங்கும். தெர்மாகோல் மேல பிளாஸ்டர் பூசி, பெயிண்ட் அடிச்சு, மெழுகு நாலு தடவை தேய்ச்சு, பிவிஏ (ரெசின் ஒட்டாம இருக்கப் பூசுற படலம்) பூசின பிறகுதான் ரெசின். இல்லைன்னா பியூ ஃபோம்.

கேட்டலிஸ்ட் (ரெசினை இறுக வைக்குறது) 1 கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லி. வெயில்ல 10-ஐ ஒட்டி நில்லுங்க. கோபால்ட்டையும் (இறுகுறதை வேகப்படுத்துறது) கேட்டலிஸ்ட்டையும் நேரா ஒண்ணோட ஒண்ணு கலக்கவே கூடாது, வெடிக்கும். கோபால்ட் முதல்ல ரெசின்ல, நல்லா கலக்கின பிறகு கேட்டலிஸ்ட். மழை பெய்யுற நாள்ல லேயர் போடாதீங்க. மேட் ஈரம் குடிச்சிருந்தா வெள்ளைத் திட்டா நிக்கும், அந்த இடம் பிறகு செதில் செதிலா உரியும்.

கோட்டாறு_வெல்டு

வண்டி கவிழ்ந்தா தலையைக் காக்குற ரோல் பாரைப் பத்தி யாரும் பேசல. இது பிளம்பிங் குழாயில செய்ற சாமான் இல்ல. எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) பின்னிணைப்பு ஜே, 253ஆம் பிரிவு படி மெயின் ஹூப் (சீட்டுக்குப் பின்னால நிக்குற பெரிய வளைவு) 45×2.5 அல்லது 50×2.0 மி.மீ., குளிர்முறையில் இழுத்த தையலில்லாக் கார்பன் ஸ்டீல், இழுவலிமை குறைஞ்சது 350 மெகாபாஸ்கல். மத்த தாங்குகள் 38×2.5 அல்லது 40×2.0. வளைவோட ஆரம் குழாய் விட்டத்தைப் போல மூணு மடங்காவது. மண் நிரப்பி அடிச்சு வளைச்சு உள்பக்கம் சுருங்கினது தெரிஞ்சா ஸ்க்ரூட்டினில அப்பவே வெளிய. குழாய் வாங்குன பில்லையும் மில் சர்ட்டிஃபிகேட்டையும் பத்திரமா வையுங்க. ஹெல்மெட் போட்டு உக்கார்ந்தா ஹூப் தலைக்கு மேல 50 மி.மீ.யாவது நிக்கணும், பின்னால ரெண்டு தாங்கு.

தோள் பெல்ட் சீட்டுக்குப் பின்னால கிடைமட்டத்துல இருந்து 45 டிகிரிக்கு மேல இறங்கக் கூடாது, 10 டிகிரி நல்லது. தரையில கொண்டு போய் மாட்டினா மோதும்போது முதுகெலும்பைக் கீழ அமுக்கும்.

கில் சுவிட்ச் (அவசரத்துக்கு வண்டியை நிறுத்துற சுவிட்ச்) பேட்டரியை மட்டும் வெட்டினா போதாது. ஆல்டர்னேட்டர்ல இருந்து இக்னிஷனுக்குக் கரண்ட் போய் இன்ஜின் ஓடிக்கிட்டே இருக்கும். ஆறு முனை சுவிட்ச்சும் ரெசிஸ்டரும் உள்ளதை வாங்குங்க. 2 கிலோ தீயணைப்பான் கைக்கு எட்டுற இடத்துல, உலோகப் பட்டையில.

ரேக்கும்_பினியனும்

வண்டி நாலு சக்கரத்துல நின்ன பிறகு கார்னர் வெயிட், அதாவது ஒவ்வொரு சக்கரத்து மேலயும் விழுற எடை. டிஜிட்டல் செட் வாங்க வேண்டாம், வீட்டு எடை மெஷின் நாலு போதும். மெஷின் 150 கிலோதான் தாங்கும்னா: 1 மீட்டர் கெட்டிப் பலகை, ஒரு நுனி செங்கல் மேல உள்ள குழாய்த் துண்டுல, மறுநுனி மெஷின் மேல உள்ள குழாய்த் துண்டுல, சக்கரம் சரியா நடுவுல. பலகைக்கு உள்ள எடையைக் கழிச்சிட்டு ரெண்டால பெருக்குங்க. நாலு பலகையும் ஒரே உயரம், ஓட்டுறவர் சீட்டுல, டேங்க்ல பாதிப் பெட்ரோல்.

முன் இடது 150, முன் வலது 138, பின் இடது 152, பின் வலது 160-ன்னு வந்தா மொத்தம் 600. குறுக்கு ஜோடியான முன் வலதும் பின் இடதும் சேர்த்து 290, அதாவது 48.3 சதவீதம். 50-க்குக் கொண்டு வரணும். முன் வலது ஸ்பிரிங் தட்டை அரைச் சுத்து மேல ஏத்துங்க, வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, ஆட்டி விட்டு மறுபடி பாருங்க. உருட்டாம பாத்தா டயர் இறுக்கத்துல பொய் எண் வரும்.

டோ பாக்க லேசர் வேண்டாம். ரெண்டு பக்கமும் தங்கூசி நரம்பை ஹப் உயரத்துல இழுத்துக் கட்டி, ரிம் முன் ஓரத்துல இருந்தும் பின் ஓரத்துல இருந்தும் ஸ்கேல் வச்சு அளங்க. ஆட்டோகிராஸுக்கு முன்னால 1 முதல் 2 மி.மீ. டோ அவுட், கேம்பர் (முன்னால இருந்து பாத்தா சக்கரம் சாயுற கோணம்) மைனஸ் ஒன்றரை டிகிரி. டயர் காத்து 20 முதல் 24 பிஎஸ்ஐ-ல தொடங்குங்க. 30 வச்சா இந்த எடைக்கு நடுப்பக்கம் மட்டும்தான் தரையைத் தொடும். தோள்ல சாக்பீஸ் கோடு போட்டு ஒரு சுத்து ஓட்டிட்டு எதுவரைக்கும் அழிஞ்சிருக்குன்னு பாத்து ஏத்தி இறக்குங்க.

எட்டுநூறு_போதும்

பழைய டயர் வாங்கும்போது சுவர்ல உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்க. 3219-னா 2019-ல 32ஆவது வாரம். பட்டன் நல்லா இருக்கேன்னு வாங்கி, ரப்பர் கல்லாப் போனது ட்ராக்ல தெரியும். மத்தபடி நான் இன்னும் 800 கட்சிதான்.

தக்கலை_ஸ்பானர்

மெயிலுக்குப் பதில் வந்துட்டு: ஓப்பன் கிளாஸ் உண்டு, ரோல் பார் ரசீது கேக்காங்க. குழாய் 1.6 எடுக்கப் போறேன். கடைசியா ஒண்ணு: ஓம்னி புரோபெல்லர் ஷாஃப்ட் நீளம் பத்தாது போல. ரெண்டு துண்டு சேத்து நீட்டலாமா?

ரேக்கும்_பினியனும்

நடுவுல ஒட்டுப் போடாதீங்க. புதுக் குழாய் போட்டு, ரெண்டு நுனி யோக்கை மட்டும் மாத்தி வெல்டு பண்ணி, பேலன்ஸ் பண்ணி வாங்கணும். ரெண்டு யூஜே-யும் (யுனிவர்சல் ஜாயின்ட்) ஒரே தளத்துல நேர்க்கு நேரா நிக்கணும்; கொஞ்சம் திரும்பி உக்கார்ந்தாலும் 60 தாண்டினா அதிர்வு வரும், பேலன்ஸ் எவ்வளவு பண்ணினாலும் போகாது. நீளத்தை இன்ஜினும் ஆக்சிலும் உக்கார்ந்து, ஆளும் உக்கார்ந்த பிறகு அளங்க, ஸ்லிப் யோக் முழுசா உள்ள போன இடத்துல இருந்து 20 மி.மீ. வெளிய இருக்கட்டும். முன் யூஜே பக்கத்துல 5 மி.மீ. பட்டையில ஒரு வளையம் போட மறக்காதீங்க. யூஜே முறிஞ்சா ஷாஃப்ட் அடிக்கிறது உங்க இடுப்புப் பக்கத்துல.

டாக் வெல்டு முடிஞ்சதும் மூலைவிட்ட அளவோட படம் போடுங்க. முழு வெல்டுக்கு முன்னாடி.